ஒரே மாப்பிள்ளை, இரண்டு கல்யாணம்

உலகத்தில் புருஷனையும் பெண்டாட்டியையும் சேர்த்துவைப்பதற்கென்றே ஓர் அலுவலகம் உண்டு. தாஷ்கந்தில் பெரிய மதில் ஒன்றுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் கைப்பேசி, சாவி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். நம்பிக்கையை மட்டும் உள்ளே எடுத்துப் போகலாம். அதை ஜன்னலில் வாங்கிக்கொள்வார்கள். அது எந்த நாட்டின் தூதரகம் என்று இங்கே சொல்லப்படாது. பெயரைச் சொன்னால் கோப்பு பின்னுக்குப் போய்விடும் என்று மர்கிலான் ஊரில் காத்திருக்கிறவர்கள் எல்லோரும் நம்புகிறார்கள். எந்தக் காரணமும் இல்லாமலே அது பின்னுக்குப் போவதைப் பார்த்தவர்கள், பாவம், வேறு எதைத்தான் நம்புவார்கள்.

மவ்ஜுதாவும் அப்படிக் காத்திருந்தவள்தான். அவள் கணவன் சோதிக்குக்கு அந்த நாட்டில் குடியேற ஆள் எடுக்கும் குலுக்கலில் பெயர் விழுந்தபோது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. போனான், லாரி ஓட்டப் பழகினான், கையில் நாலு காசு சேர்ந்ததும் ஊருக்கு வந்து இரண்டு தெரு தள்ளியிருந்த மவ்ஜுதாவைக் கட்டிக்கொண்டான். மூன்று வாரம் குடித்தனம் நடத்தினான். லாரி முதலாளி கூப்பிட்டதும் கிளம்பிவிட்டான்.

"நாலு மாசம், மிஞ்சிப்போனா அஞ்சு. உன்னைக் கூட்டிக்குவேன்" என்று விமான நிலையத்தில் சொன்னான். அவனும் அதை நம்பித்தான் சொன்னான். அதுதான் இதில் வருத்தமான விஷயம்.

அந்த நாட்டில் சோதிக்குக்கு நிரந்தரவாசி என்று பெயர். குடிமகனின் மனைவி என்றால் விமானம் ஏறி வந்துவிடுவாள். நிரந்தரவாசியின் மனைவி வரிசையில் வருவாள். வரிசை எதுவரை வந்திருக்கிறது என்று மாதா மாதம் ஓர் அட்டவணை போடுவார்கள். அதில் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதிக்கு முன்னால் மனுப் போட்டவர்களுக்கு அழைப்பு வரும். மவ்ஜுதா அந்த அட்டவணையைப் பார்ப்பதற்காகவே ஸ்மார்ட்போன் வாங்கினாள். முதல் வருஷம் தேதி நன்றாகத்தான் நகர்ந்தது. இரண்டாம் வருஷம் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு ஒரு மாதம் திடீரென்று பின்னால் போக ஆரம்பித்தது. போய்ப்போய், சோதிக்கும் அவளும் ஒருவரையொருவர் பார்த்தே இராத காலத்தில் போய் நின்றது.

மாமியார் தோஜிஹோன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தாள்.

"ஏம்மா, தேதி எப்படி பின்னாடி போகும்? நம்ம காலண்டர்ல அப்படிப் போறதில்லையே?"

"அவங்க பெரிய நாடு, அத்தை. அவங்களால முடியும்."

வரிசை நகரும்வரை சும்மா போய்ப் பார்த்துவிட்டாவது வரலாம் என்று மவ்ஜுதா சுற்றுலா விசாவுக்கு மூன்றாம் ஜன்னலில் விண்ணப்பித்தாள். "உங்கள் கணவர் எங்கள் நாட்டில் இருக்கிறார். நீங்கள் போனால் திரும்பி வரமாட்டீர்கள்" என்று சொல்லி மறுத்தார்கள். அட்டவணை மனம் இரங்கிக் கடைசியில் அவள் முறை வந்தபோது ஐந்தாம் ஜன்னலுக்கு அழைத்தார்கள். அங்கே அவர்களுடைய முதல் சந்தேகமே, அவர் உன் கணவர்தானா என்பதுதான். இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு ஜன்னல். அதில் ஆள் இல்லை.

ஐந்தாம் ஜன்னலில் ஹோல்வர்சன் என்ற அம்மையார் இருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க பாபுர் என்ற உள்ளூர்ப் பையன், கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு. அம்மையார் கல்யாணப் படங்களை மேஜை மேல் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினார்.

"இத்தனை படங்களில் ஒன்றில்கூட நீங்கள் சிரிக்கவில்லை என்று மேடம் கவலைப்படுகிறார்" என்றான் பாபுர்.

"கல்யாணப் பொண்ணு எங்கயாவது சிரிப்பாளா?" என்றாள் மவ்ஜுதா. அவளுக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

"ஏன் சிரிக்கக் கூடாது என்று கேட்கிறார்."

"சிரிச்சா, அம்மா வீட்டை விட்டுப் போறதுல அவ்வளவு சந்தோஷமான்னு கேப்பாங்க. எங்கம்மா முகத்துல எப்படி முழிக்கிறது? உனக்கே தெரியுமே தம்பி, சொல்லேன்."

தன் கருத்தைச் சொல்லத் தனக்கு அனுமதி இல்லை என்று பாபுர் அவளிடம் சொல்லிவிட்டு, அவள் சொன்னதை மட்டும் மொழிபெயர்த்தான்.

"மணமகனையும் நீங்கள் பார்க்கவில்லை. எல்லாப் படத்திலும் தரையைப் பார்க்கிறீர்கள். தரையில் என்ன இருந்தது?"

"கம்பளம்."

அம்மையார் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கனிவாகப் பேசினார். பாபுர் அதே கனிவுடன் மொழிபெயர்த்தான்.

"எங்கள் நாடு அன்பை நம்பும் நாடு. உண்மையான அன்பை மறைக்கவே முடியாது. அதனால்தான் அதற்கு ஆதாரம் கேட்கிறோம். என் சொந்தத் திருமணப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் நான் வாய் நிறையச் சிரித்திருப்பேன். மூன்று திருமணங்களிலும் அப்படித்தான்."

பிறகு ஒரு தாளை நீட்டினார். மகிழ்ச்சிக்கு மேலும் ஆதாரம் தேவை என்று அதில் இருந்தது.

சோதிக்கிடம் அன்றைக்கே போனில் சொன்னாள். அவன் உடனே வழி கண்டுபிடித்தான். "சரி, சிரிச்ச மாதிரி படம் வேணும், அவ்வளவுதானே? நான் வர்றேன். இன்னொரு தடவை கல்யாண விருந்து வெச்சிடுவோம்" என்றான். அவன் புத்தி எப்போதுமே வேகமாக ஓடும், அவன் லாரி மாதிரி. பிரேக்தான் கொஞ்சம் தாமதம்.

வந்தான். வெள்ளை உடையை மறுபடி வாடகைக்கு எடுத்தார்கள். நீளக் கொம்பு ஊதுகிறவர்களைக் கூப்பிட்டார்கள். பெரிய இரும்புக் கொப்பரையில் பிலாவ் வெந்தது. கல்யாணமாகி வருஷக் கணக்கில் ஆனவர்களுக்கு எதற்கு மறுபடி கல்யாணம் என்று தெருவே வந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்டது. "இப்ப இதுதான் புது வழக்கம்" என்று தோஜிஹோன் எல்லோரிடமும் சொன்னாள். முதல் கல்யாணத்தில் ஏதோ குறை இருந்திருக்கிறது என்று தெரு தானாகவே முடிவு செய்துகொண்டது.

போட்டோக்காரன் மவ்ஜுதாவின் எதிரே குதித்துக்கொண்டிருந்தான். "சிரிங்க அக்கா! பல்லு தெரியணும்! தூதரகம் பார்க்குது!"

மவ்ஜுதா சிரித்தாள். முதலில் வரவில்லை. சோதிக் காதில் ஏதோ சொன்னான், அப்புறம் வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. அத்தனை காலத்துக்குப் பிறகு அவன் தோள் தன் தோளில் இடித்துக்கொண்டிருந்த சந்தோஷம் அது. அதில் நடிப்பு கொஞ்சமும் இல்லை. சொந்தக்காரக் கிழவி ஒருத்தி ரொட்டியைப் பிய்த்தபடி, "வெட்கம் கெட்டது, பொண்ணு எப்படி இளிக்குது பாரு" என்றாள். தோஜிஹோன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். ஆகமொத்தம் அந்தக் கல்யாணத்தில் மாமியார் அழுதாள், மருமகள் சிரித்தாள்.

அதிக நாள் வெளியே தங்கினால் நிரந்தரவாசி என்ற பட்டம் போய்விடும் என்பதால் சோதிக் அவசரமாகத் திரும்பிப் போனான். மவ்ஜுதா புதுப் படங்களை எடுத்துக்கொண்டு தாஷ்கந்துக்கு ரயில் ஏறினாள்.

ஐந்தாம் ஜன்னலில் இப்போது ப்ரூயிட் என்கிற புது அதிகாரி. மேஜையில் ஒரு சின்ன உஸ்பெக் தொப்பி வைத்திருந்தார். படங்களைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது.

"உங்கள் பண்பாடு பற்றி நான் ஒரு பயிற்சி வகுப்பு முடித்திருக்கிறேன்" என்று பாபுர் வழியாகச் சொன்னார். "மூன்று நாள், மதிய உணவோடு. உங்கள் நாட்டில் மணமகள் சிரிக்கவே மாட்டாள். நீங்களோ எல்லாப் படத்திலும் சிரிக்கிறீர்கள். வெளிநாட்டவரான எனக்கே தெரிந்தது உங்களுக்குத் தெரியாமல் போனது எப்படி?"

பழைய படங்கள் கோப்பில் இருக்கின்றனவே என்று மவ்ஜுதாவுக்குத் தைரியம் வந்தது. "பழைய படத்தை எடுத்துப் பாருங்க சார், அதுல சிரிக்கவே மாட்டேன்" என்றாள்.

எடுத்துப் பார்த்தார். மலர்ந்தார். "அற்புதம். இதுதான் உண்மையான திருமணம். தலை கவிழ்ந்திருக்கிறது, கண்ணில் துயரம் இருக்கிறது. அப்படியானால் இந்த இரண்டாவது என்ன?"

மவ்ஜுதா வாயைத் திறந்தாள். ஜன்னலுக்கு மேலே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. விசாவுக்காகத் திருமண நிகழ்ச்சியை நடித்துக் காட்டினால் ஆயுள் முழுக்கத் தடை என்று உஸ்பெக்கிலும் ரஷ்யனிலும் எழுதி, கைவிலங்குப் படம் ஒன்றும் போட்டிருந்தார்கள். பாபுர் அந்தப் பக்கமாகத் திரும்பி இருமினான்.

"அதுவும் கல்யாணம்தான்" என்றாள்.

"அப்படியானால் உங்களுக்கு இரண்டு திருமணம் நடந்திருக்கிறது."

"ரெண்டு தடவையும் ஒரே ஆள்தானே சார்! மூஞ்சியைப் பாருங்க!"

"ஆள் ஒன்றா இரண்டா என்பது எங்கள் கவலை இல்லை. திருமணங்களைத்தான் எண்ணுகிறோம். சட்டத்தின் முன் எல்லாக் கணவர்களும் சமம். இரண்டாம் திருமணம் செல்லுபடியாக வேண்டுமானால் முதல் திருமணம் முறையாக முடிந்திருக்க வேண்டும். விவாகரத்துச் சான்றிதழ் கொண்டுவாருங்கள். உங்களைச் சேர்த்துவைக்க நாங்கள் எவ்வளவு பாடுபடுகிறோம் என்று உங்களுக்கே தெரியும்."

சேர்ந்து வாழ்வதற்காகப் பிரிய வேண்டும். மவ்ஜுதா ரயிலில் ஊர் வரும்வரை இதை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பிடிபடவில்லை. சோதிக்குக்குப் பிடிபட்டது. "பேப்பருக்குத்தானே? பிரிஞ்ச மாதிரி வாங்கிடுவோம். வசந்தத்துல நான் வந்து ரெண்டாவது கல்யாணத்தைப் பதிவு பண்ணிக்கலாம்" என்றான்.

ஆனால் உஸ்பெகிஸ்தானில் நினைத்த மாத்திரத்தில் யாரும் பிரிந்துவிட முடியாது. முதலில் மஹல்லா கமிட்டிக்கு, அதாவது தெருப் பஞ்சாயத்துக்கு, போக வேண்டும். குடும்பங்களைச் சமாதானம் செய்துவைப்பது அவர்கள் வேலை. தெருவே 'அகா', அதாவது அண்ணன், என்று அழைக்கும் கமிட்டித் தலைவர் எர்காஷுக்கு நல்ல மனசு. சுவரில் மாட்டியிருந்த பாராட்டுப் பத்திரத்தின் மேல் அதைவிட அதிகப் பிரியம். மாவட்டத்திலேயே விவாகரத்து நடக்காத மஹல்லா என்று கொடுத்த பத்திரம் அது.

"அடிக்கிறானா?" என்றார்.

"அவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கார், அகா."

"குடிக்கிறானா?"

"லாரி ஓட்டுறார். குடிச்சா வேலை போயிடும்."

"பொம்பளை சகவாசம்?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை."

"அப்புறம் எதுக்கும்மா பிரியறே? தங்கமான பையன். உங்களுக்குள்ள சமாதானம் ஆகறதுக்குக் கமிட்டி அவகாசம் கொடுக்குது. ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்து, ஒரே தட்டுல சாப்பிட்டு, மனசு விட்டுப் பேசணும். அதுதான் விதி."

"அதுக்குத்தானே அகா வருஷக்கணக்கா அலையறேன்!"

"பாத்தியா, ஆசை இருக்குல்ல!" என்று எர்காஷ் மகிழ்ந்துபோனார். "பரஸ்பர அன்பு உள்ளதுன்னு எழுதிக்கோ" என்று குமாஸ்தாவிடம் சொன்னார். மனு தள்ளுபடி ஆனது.

ஒரு நாடு அவர்களுக்குள் அன்பு இல்லை என்று சேர்க்க மறுத்தது. இன்னொரு நாடு அன்பு இருக்கிறது என்று பிரிக்க மறுத்தது. நடுவில் இருந்த கடலைப் பற்றி இரண்டு நாடுகளுக்கும் எந்த ஆட்சேபமும் இல்லை.

ஆகவே சண்டை போட்டுக் காட்டுவது என்று முடிவாயிற்று. போனில் இரண்டு பேரும் ஒத்திகை பார்த்தார்கள். அவள் சமையலை அவன் குறை சொல்ல வேண்டும். பணம் தாமதமாக அனுப்புகிறான் என்று அவள் கத்த வேண்டும். ஒத்திகையில் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உன் பிலாவ்ல உப்பு..." என்று அவன் ஆரம்பித்ததும் அவள் வாயைப் பொத்திக்கொள்வாள். அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன.

குறித்த நாளில் கமிட்டி கூடியது. எர்காஷ் நடுவில். அவருக்கு இரண்டு பக்கமும் கமிட்டிப் பெண்கள். ஓரத்தில் குமாஸ்தா. தோஜிஹோன் கையில் தேநீர்க் கிண்ணத்தோடு மருமகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார்கள்.

"உன் பிலாவ்ல எப்பவும் உப்பு ஜாஸ்தி" என்றது போன், பள்ளி நாடகத்தில் வசனம் சொல்கிற மாதிரி.

"நீங்க பணம் லேட்டா அனுப்பறீங்க" என்றாள் மவ்ஜுதா.

எர்காஷ் உச்சுக்கொட்டினார். "உப்புக்கெல்லாம் விவாகரத்து கொடுத்தா இந்தத் தெருவுல ஒருத்தன்கூடப் பெண்டாட்டியோட இருக்க மாட்டான். வேற இருக்கா, இல்லை டீ குடிச்சிட்டுக் கலையலாமா?"

கமிட்டிப் பெண்களில் ஒருத்தி இரக்கப்பட்டாள். "நிஜமா மனசுல இருக்கறதைச் சொல்லும்மா."

மவ்ஜுதா யோசித்தாள். ஒத்திகையில் இல்லாத ஒன்று வாயில் வந்தது.

"பெருநாளைக்கு நீங்க எனக்குக் கூப்பிடலை."

"வண்டியில இருந்தேன்" என்றது போன்.

"மூணு நாளுமா?"

"கூப்பிட்டு என்ன பேச? போனை எடுத்தா 'நான் அங்க எப்ப வருவேன், எப்ப வருவேன்'னு கேக்கறே. நான் என்ன, அந்தத் தேதியை நகர்த்தறவனா? மணி அடிச்சாலே பயமா இருக்கு மவ்ஜுதா. வண்டியிலயே தூங்கறேன், வண்டியிலயே எந்திரிக்கிறேன். உன் முகம்கூட போட்டோவைப் பாத்தாதான் ஞாபகம் வருது."

குமாஸ்தா எழுதிக்கொண்டே இருந்தான்.

"எந்தப் போட்டோ?" என்றாள் மவ்ஜுதா. குரல் மாறியிருந்தது. "அழுத போட்டோவா, இளிச்ச போட்டோவா? என்கூடப் படிச்சவ பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தாச்சு. நான் விடிஞ்சா உங்கம்மா வீட்டு முற்றத்தைப் பெருக்கறேன். பெருக்கிட்டு அந்த அட்டவணையைப் பாக்கறேன். நீ என்னைக் கட்டிக்கலை சோதிக். உங்கம்மாவுக்கு ஒரு ஆளை வெச்சிட்டுப் போயிட்டே."

தோஜிஹோன் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"என் காசுலதான் அந்த வீடு ஓடுது!" என்று போன் கத்தியது. "உனக்காக நான் இங்க நாய் மாதிரி..."

"எனக்காக எதுவும் பண்ணாதே. நீ வராமலே இருந்தாலும் எனக்கு இப்ப ஒண்ணும் தெரியாது. சில நாள் அதுவே நல்லதுன்னு தோணுது."

குமாஸ்தா தலையை நிமிர்த்தி, "புருஷனை 'நீ'ன்னுதான் சொன்னாங்க. அப்படியே எழுதவா, அகா?" என்று கேட்டான்.

"எழுது" என்றார் எர்காஷ். பாராட்டுப் பத்திரம் இருந்த சுவர்ப் பக்கம் அவர் திரும்பவில்லை.

பிரிவதற்குத் தடை இல்லை என்று கமிட்டி எழுதிக்கொடுத்தது. நீதிமன்றத்திலும் சீக்கிரமே முடிந்தது. சண்டையைக் குமாஸ்தா எழுதிய குறிப்பையும் சேர்த்து மொழிபெயர்த்து, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தித் தூதரகத்துக்கு அனுப்பினார்கள். அவளும் சோதிக்கும் அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை. சாப்பிட்டியா, அம்மா எப்படி இருக்காங்க என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். மவ்ஜுதா மாமியார் வீட்டிலேயே இருந்தாள். சட்டப்படி அவள் இப்போது அங்கே விருந்தாளி. ஆனாலும் முற்றத்தை அவள்தான் பெருக்கினாள்.

வசந்தத்துக்கு முன்பே கடிதம் வந்துவிட்டது. ப்ரூயிட் கையெழுத்து.

'மதிப்புக்குரிய விண்ணப்பதாரருக்கு, தாங்கள் அனுப்பிய சண்டைக் குறிப்பை அதிகாரிகள் நாங்கள் மூவர் வாசித்தோம். போலித் தம்பதிகள் பலரை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர்கள் எப்போதும் ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டே இருப்பார்கள். இப்படிச் சண்டையிட உண்மையான கணவன் மனைவியால் மட்டுமே முடியும். எங்களில் ஒருவர் வாசித்து முடித்ததும் தம் மனைவியைத் தொலைபேசியில் அழைத்தார். ஆகவே தங்கள் முதல் திருமணம் முற்றிலும் உண்மையானது என ஏற்று, அதன் பேரிலான விசாவை மகிழ்ச்சியுடன் அங்கீகரிக்கிறோம். அத்திருமணம் முறிந்துவிட்டதால் விசாவை வழங்க இயலாது. புதிய திருமணத்துக்குப் புதிய மனு அளித்து வரிசையின் இறுதியில் சேரலாம். மேற்படி சண்டை உண்மையல்ல என்று இருவரும் கையொப்பமிட்டு உறுதிமொழி அளித்தால் முடிவை மறுபரிசீலனை செய்வோம். வாழ்த்துகள்.'

சோதிக் அன்றே கூப்பிட்டான். வழியில் எங்கோ வண்டியை ஓரம் கட்டியிருந்தான்.

"அந்த உறுதிமொழியை நான் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். நீயும் போட்டுடு. முடிஞ்சுது. எல்லாம் நடிப்புதானே?"

மவ்ஜுதா கடிதத்தை மடித்தாள்.

"மவ்ஜுதா, நடிப்புதானே?"

"என் முகம் போட்டோவைப் பாத்தாதான் ஞாபகம் வருதுன்னீங்களே" என்றாள். 'நீங்க' திரும்பி வந்திருந்தது, விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி. "அதுவும் நடிப்பா?"

மடித்த கடிதத்தை மறுபடி பிரித்தாள்.

"இத்தனை வருஷத்துல அந்த ஆபீஸ் சரியா கண்டுபிடிச்ச உண்மை அந்தச் சண்டை ஒண்ணுதான். அதைப் போய்ப் பொய்யுன்னு நான் எழுதிக் கொடுக்கணுமா?"

அவன் மறுத்துப் பேசுவான் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் பழகிய வேலை. மறுமுனையில் லாரியின் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவளே போனை வைத்துவிட்டாள்.